துளை பொருந்தியும் ஏறாத சார்ஜ்: அம்மாவின் பிபி மெஷினுக்கு இரண்டு ரெசிஸ்டர் வைத்த பதிவு

சென்ற மார்கழியில் அம்மா திருச்சியிலுள்ள அக்கா வீட்டில் இரண்டு வாரம் தங்கிவரப் போயிருந்தார். காலையிலும் மாலையிலும் ரத்த அழுத்தம் பார்த்து நாட்குறிப்பில் எழுதிவைக்க வேண்டும் என்று அவருடைய மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரையைக் கூட்டுவதையும் குறைப்பதையும் அந்த எண்களைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்கிறார். போன நான்காம் நாள் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. "பிபி மெஷின் வேலை செய்யலப்பா. மாப்பிள்ளை மூணு சார்ஜர் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டாரு, ஒண்ணுலயும் லைட்டு எரியல" என்றார். அக்கா வீட்டில் இருப்பவை எல்லாம் புதிய சார்ஜர்கள். மெஷினில் இருப்பதும் அதே டைப்-சி துளைதான். கேபிளும் தடையில்லாமல் உள்ளே போகிறது. எனவே பேட்டரி போய்விட்டது என்றே நானும் நம்பினேன். ஊருக்குத் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா திரும்பி வந்தபோது நாட்குறிப்பில் 11 நாட்களுக்கான வரிகள் எண்கள் இல்லாமல் இருந்தன. தேதியை மட்டும் ஒவ்வொரு நாளும் தவறாமல் எழுதியிருந்தார்.

அன்று இரவே மெஷினை மேசைமேல் எடுத்துவைத்தேன். வீட்டில் பழைய கைப்பேசியோடு வந்த சார்ஜர் ஒன்று இருக்கிறது; அதில் அகலமான பழைய டைப்-ஏ துளைதான் உண்டு. அதிலிருந்து டைப்-சி முனைக்கு வரும் வெள்ளைக் கேபிளைச் செருகியதும் மெஷினின் ஓரத்தில் இருந்த சிவப்பு விளக்கு உடனே எரிந்தது. பேட்டரிக்கு ஒன்றுமில்லை. அடுத்து, இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் கேபிளையும் என் கைப்பேசியின் புதிய சார்ஜரையும் எடுத்துப் போட்டேன், விளக்கு எரியவில்லை. கேபிளைப் புரட்டிப் போட்டேன், சார்ஜரை மாற்றினேன், மடிக்கணினியின் சார்ஜரையும் கொண்டுவந்து பார்த்தேன். எதிலும் அசைவில்லை. இடையில், கேபிளில் வரும் வோல்டேஜையும் ஆம்பியரையும் காட்டும் சிறு கருவியான யுஎஸ்பி மீட்டரைச் செருகிப் பார்த்தபோது அதன் திரையே ஒளிரவில்லை. அந்த மீட்டர் எரிவதற்கே கேபிளில் 5 வோல்ட் வந்தாக வேண்டும் என்பதால், சார்ஜர் மின்சாரத்தையே வெளியே விடவில்லை என்பது அப்போது உறுதியாயிற்று. அக்கா வீட்டில் 11 நாட்களாக நடந்ததும் இதுதான். அங்கே ஒரே ஒரு பழைய டைப்-ஏ சார்ஜர் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் காரணம் தெரியாமல்தான் நல்ல நிலையில் உள்ள பல கருவிகள் குப்பைக்குப் போகின்றன. பழைய டைப்-ஏ துளையில் 5 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும். எதைச் செருகினாலும் அது பாயும். கேபிளின் ஒரு முனை ஒரு வடிவம், மறு முனை வேறு வடிவம் என்பதால் மின்சாரம் கொடுப்பது எது, வாங்குவது எது என்ற குழப்பத்துக்கு அங்கே இடமே இல்லை. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான டைப்-சி தரத்தில் இரு முனைகளும் ஒன்றாகிவிட்டன, எந்தப் பக்கம் புரட்டினாலும் செருகலாம் என்றும் ஆயிற்று. அந்த வசதிக்கு ஈடாக ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தே வந்தது: சார்ஜரின் டைப்-சி துளையில் மின்சாரம் சும்மா நிற்கக் கூடாது. இரண்டு சார்ஜர்களை ஒரே கேபிளால் யாராவது இணைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கட்டுப்பாட்டின் நியாயம் விளங்கும். ஆகவே சார்ஜர் முதலில் மறுபக்கத்தில் மின்சாரம் வாங்கும் கருவி ஒன்று இருக்கிறதா என்று விசாரிக்கிறது, பதில் வந்த பிறகே 5 வோல்ட்டைத் திறந்துவிடுகிறது.

அந்த விசாரணைக்கென்று டைப்-சி துளையின் 24 பின்களில் இரண்டு ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குச் சிசி1, சிசி2 என்று பெயர். வாங்கும் கருவியில் இந்த இரண்டு பின்களிலிருந்தும் தரைக்கு, அதாவது மைனஸ் கம்பிக்கு, ஆளுக்கொரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். ரெசிஸ்டர் என்பது மின்சாரத்துக்குத் தடை போடும் சிறு பாகம், ஓம் அந்தத் தடையின் அளவு. சார்ஜரின் பக்கத்தில் வேறொரு ரெசிஸ்டர் மேலே 5 வோல்ட்டை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும்: சாதாரண யுஎஸ்பி அளவு மின்சாரம்தான் தர முடியும் என்றால் அது 56 கிலோ ஓம், 1.5 ஆம்பியர் தர முடியும் என்றால் 22 கிலோ ஓம், 3 ஆம்பியர் என்றால் 10 கிலோ ஓம். இரண்டும் கேபிள் வழியாகச் சேரும்போது சிசி கம்பியில் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ் நிற்கும். அதைக் கொண்டே சார்ஜர் "ஆள் இருக்கிறது" என்றும், கருவி "இவ்வளவு எடுக்கலாம்" என்றும் அறிந்துகொள்கின்றன. இதற்குச் சில்லு எதுவும் தேவையில்லை, மென்பொருளும் தேவையில்லை. கீழே அந்த இரண்டு ரெசிஸ்டர்கள் இல்லாவிட்டால் சார்ஜரைப் பொறுத்தவரை மறுமுனையில் யாருமே இல்லை. பழைய டைப்-ஏ கேபிளில் மட்டும் ஏன் ஏறியது என்ற கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது: அங்கே விசாரணையே கிடையாது.

ஊகத்தைச் சோதிப்பதற்காக, பின்கள் தனித்தனியாக வெளியே எடுக்கப்பட்ட டைப்-சி ஆண் முனைப் பலகை ஒன்றை மெஷினில் செருகினேன். கேபிள் ஏதும் இல்லாத நிலையில் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைச் சிசி பின்னிலும் வைத்தேன். 5.1 கிலோ ஓம் காட்ட வேண்டிய இடத்தில் திறந்த சுற்றுக்கான, அதாவது இரண்டுக்கும் இடையே இணைப்பே இல்லை என்பதற்கான, அடையாளமே வந்தது. பலகையைப் புரட்டிச் செருகி அளந்தபோதும் அதுவே. மெஷினைத் திறக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது என்பதால், சி-க்குச் சி கேபிளில் ஏறாத கருவி எது கைக்கு வந்தாலும் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்கிறேன்.

மெஷினின் அடிப்பக்கத்தில் நான்கு திருகுகள். இரண்டு வெளியே தெரிந்தன, இரண்டு ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன. உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் திறப்பதில் தயக்கம் இல்லை. உள்ளே முதல் வேலையாகப் பேட்டரியின் சிறிய இணைப்பியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். லித்தியம் பேட்டரி இணைந்திருக்கும்போது போர்டில் சால்டரிங் அயர்னை வைப்பது ஆபத்தானது. காற்றுக் குழாயும், அது போய்ச் சேரும் அழுத்த உணரியும் போர்டின் மறுகோடியில் இருந்தன. அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது என்று தொடங்கும் முன்பே தீர்மானித்திருந்தேன், ஏனென்றால் அளவு காட்டும் பகுதியை அசைத்துவிட்டுச் சார்ஜ் ஏறுகிறது என்று மகிழ்வதில் பொருளில்லை.

டைப்-சி துளையின் பின்பக்கத்தில் ஆறு கால்கள்தான் இருந்தன. சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கருவிகளில் இந்த ஆறுகால் துளையைப் பரவலாகப் பார்க்கலாம்: இரு ஓரங்களிலும் தரை, அவற்றுக்கு உள்ளே 5 வோல்ட் இரண்டு, நடுவில் சிசி1, சிசி2. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஓரக் கால்களிலிருந்தும் 5 வோல்ட் கால்களிலிருந்தும் தடித்த செம்புத் தடங்கள் சார்ஜிங் சில்லை நோக்கி ஓடின. நடுவிலிருந்த இரண்டு கால்களும் தத்தம் சிறு ஈயத் திட்டில் அழகாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. அந்தத் திட்டுகளிலிருந்து எங்கும் தடம் போகவில்லை. சரியான துளையை வாங்கி, சரியாகப் பொருத்தி, அதைப் பேசவைக்கும் இரண்டு மணிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரு ரெசிஸ்டரின் விலை சில பைசாக்கள். அதை மிச்சப்படுத்தியதன் விலையை நாட்குறிப்பின் அந்தப் பதினோரு வரிகளில் அம்மா கொடுத்திருந்தார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

அந்த நேரத்தில் என் டப்பாவில் 512 என்று பொறிக்கப்பட்ட மேற்பரப்பு ரெசிஸ்டர் ஒன்றுதான் இருந்தது. 51 என்ற எண்ணுக்குப் பின்னால் இரண்டு சுழியம் போட்டால் 5100 ஓம், அதாவது நமக்கு வேண்டிய 5.1 கிலோ ஓம். கால் வைத்த சாதாரண ரெசிஸ்டராக இருந்தால் பச்சை, பழுப்பு, சிவப்பு என்ற வரிசையில் பட்டைகள் இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டதால், இரண்டு சிசி கால்களையும் ஒரு துளி ஈயத்தால் ஒன்றாக இணைத்து, இருவருக்கும் பொதுவாக அந்த ஒற்றை ரெசிஸ்டரைத் தரைக்குக் கொடுத்துவிட்டேன். கைப்பேசியின் சி-க்குச் சி கேபிளைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. புரட்டிப் போட்டாலும் எரிந்தது. மூடித் திருகி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் மடிக்கணினியின் தடித்த கேபிளில் மெஷினைச் செருகியபோது மீண்டும் இருட்டு. அப்போதுதான் 2019ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்த ராஸ்பெரி பை 4 கணினிப் பலகையின் கதை நினைவுக்கு வந்தது. அதன் முதல் பதிப்பிலும் இரண்டு சிசி பின்களுக்கும் ஒரே ரெசிஸ்டரைத்தான் பொதுவாக வைத்திருந்தார்கள். சில கேபிள்களில் அது உயிர் பெறவில்லை, பின்னர் வந்த பதிப்பில் அதைத் திருத்தினார்கள். காரணம் இதுதான். அதிக மின்சாரம் தாங்கும் கேபிள்களின் முனையில், தன் தாங்குதிறனைச் சார்ஜருக்குச் சொல்லும் சிறு அடையாளச் சில்லு ஒன்று இருக்கும். 3 ஆம்பியருக்கு மேல் கொண்டுபோகும் கேபிளில் அது கட்டாயம். அந்தச் சில்லு உள்ள கேபிளில், இரண்டு சிசி பின்களில் ஒன்றின்மேல் ஏறக்குறைய 1 கிலோ ஓம் அளவுள்ள ஒரு தடையும் வந்து உட்காரும். நான் இரண்டு பின்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டதால் அந்த 1 கிலோ ஓம் என் 5.1 கிலோ ஓமோடு பக்கவாட்டில் சேர்ந்து, இரண்டு பின்களிலும் மிகக் குறைந்த தடையையே சார்ஜருக்குக் காட்டியது. இரண்டிலும் அப்படித் தெரிந்தால் அது ஹெட்போன் இணைக்கும் துணைக்கருவி என்று பொருள்கொள்ளும்படி தரம் சொல்கிறது. ஹெட்போனுக்கு 5 வோல்ட் எதற்கு என்று சார்ஜர் வாயை மூடிக்கொண்டது. தரத்தில் இரண்டு என்று எழுதியிருந்தால் இரண்டுதான் வைக்க வேண்டும். ஒன்றில் ஓடுகிறதே என்று விட்டிருந்தால் அம்மா வேறு யார் வீட்டிலாவது, வேறொரு கேபிளின் முன்னால், மறுபடியும் அதே இடத்தில் நின்றிருப்பார்.

அன்று மாலை சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய் 512 ரெசிஸ்டர்கள் ஒரு நாடாத் துண்டு வாங்கிவந்தேன். நடுவிலிருந்த இரண்டு கால்களுக்கும் இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். முதலில் ஈயம் எளிதாக ஓட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, செம்புப் பின்னலை வைத்து அயர்னால் அழுத்தி, முதல் நாள் வைத்த ஈயப் பாலத்தை உறிஞ்சி எடுத்தேன். இரண்டு கால்களும் பிரிந்துவிட்டனவா என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டேன். துளையின் உலோகக் கூடு இரு பக்கமும் தரையோடு இணைந்திருந்ததால், ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கூட்டின் காலில் வைத்துப் பற்றவைத்து, மறுமுனையிலிருந்து சிசி காலுக்கு மெல்லிய எனாமல் பூசிய கம்பியை இழுத்தேன். அந்தக் கம்பி தலைமுடியைவிடச் சற்றே தடிமன். அதன் முனையில் எனாமலைச் சூட்டால் எரித்து ஈயம் பூசிக்கொண்ட பிறகுதான் அது பிடிக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டாவது கம்பியை வைக்கும்போது கை சற்று நடுங்கி, பக்கத்து 5 வோல்ட் காலில் ஈயம் ஒட்டிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் 5 வோல்ட் நேராகச் சிசி கம்பிக்குப் போயிருக்கும், சார்ஜரையோ கேபிளையோ கெடுத்திருக்கவும் கூடும். மறுபடி உறிஞ்சி, மறுபடி வைத்தேன். கடைசியில் சூடான பசையை ஒரு துளி விட்டுக் கம்பிகள் அசையாமல் நிறுத்தினேன்.

மூடும் முன் அளந்த அளவுகளை இங்கே பதிந்துவைக்கிறேன். மின்சாரம் இல்லாத நிலையில் சிசி1 தரைக்கு 5.09 கிலோ ஓம், சிசி2 தரைக்கு 5.11 கிலோ ஓம். இரண்டுக்கும் நடுவே 10.2 கிலோ ஓம், அதாவது இரண்டும் தரை வழியாக அன்றி வேறெங்கும் ஒட்டவில்லை. 5 வோல்ட் காலுக்கும் சிசி கால்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லை. கைப்பேசிச் சார்ஜரில் செருகியபோது பேசும் பக்கத்துச் சிசி காலில் 1.68 வோல்ட் நின்றது. 3 ஆம்பியர் தரக்கூடிய சார்ஜர் என்பதற்கான அடையாளம் அது. யுஎஸ்பி மீட்டரின் திரை இம்முறை ஒளிர்ந்து, 5.1 வோல்ட்டில் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. மடிக்கணினிக் கேபிள், கைப்பேசிக் கேபிள், பழைய வெள்ளைக் கேபிள் மூன்றிலும், புரட்டியும் புரட்டாமலும், ஆறு முறை செருகிப் பார்த்து ஆறிலும் விளக்கு எரிந்த பிறகே திருகுகளைப் போட்டேன். அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது மெஷினையும் எடுத்துப்போய், அவருடைய கருவியில் பார்த்த அளவோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். அவர் மூன்று முறை பார்த்துவிட்டு வித்தியாசம் ஏதும் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை என்றார். சார்ஜ் ஏறும்போது கையில் கட்டிப் பார்க்கக் கூடாது என்பதை அம்மாவிடம் மறுபடியும் சொல்லிவைத்தேன்.

சட்டம் இந்த இடத்தில் என்ன செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 2009ஆம் ஆண்டு கைப்பேசி நிறுவனங்கள் தாமாக முன்வந்து மைக்ரோ யுஎஸ்பிக்கு மாற ஒப்புக்கொண்டன. அந்த ஒப்பந்தம் கட்டாயமில்லாததால் வேறு துளைகளும் தொடர்ந்தன. பிறகு 2022ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தால், 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் கைப்பேசி, டேப்லெட், கேமரா, ஹெட்போன், ஸ்பீக்கர் போன்றவற்றில் டைப்-சி துளை கட்டாயமாயிற்று. 2012 முதல் லைட்னிங் துளையோடு வந்த ஐபோனும் 2023ஆம் ஆண்டிலேயே டைப்-சிக்கு மாறிவிட்டது. இந்தியாவில் தரங்களை வகுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ் நிறுவனமும் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டுள்ளது. ஐரோப்பியச் சட்டம் சுட்டுவதும் பிஐஎஸ் ஏற்றிருப்பதும் 62680-1-3 என்ற ஒரே பன்னாட்டுத் தர ஆவணத்தைத்தான், நான் மேலே சொன்ன 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருப்பதும் அந்த ஆவணத்தில்தான். ஆனால் ஐரோப்பியச் சட்டத்தின் கருவிப் பட்டியலில் வீட்டில் பயன்படுத்தும் பிபி மெஷின் இல்லை, டார்ச் இல்லை, முகச்சவர டிரிம்மர் இல்லை. துளையை மட்டும் வாங்கிப் பொருத்திவிட்டுப் பெட்டியின்மேல் டைப்-சி என்று அச்சடிப்பவரைத் தடுப்பார் அங்கே யாருமில்லை. கைப்பேசியைத் தூக்கிப்போட்டு மாற்றுகிறவரைவிட, ஒரு பிபி மெஷினை ஏழெட்டு ஆண்டு வைத்துக்கொள்ளும் முதியவருக்கே இந்தப் பாதுகாப்பு கூடுதலாகத் தேவை என்பது என் உறுதியான கருத்து.

கையோடு அப்பாவின் வானொலியையும் எடுத்துக்கொண்டேன். அதில் இருந்தது மைக்ரோ யுஎஸ்பி துளை. பழைய நோக்கியா கைப்பேசிகளில் வரும் பிஎல்-5சி வகைப் பேட்டரி போடும் சிறிய வானொலி அது. காலையில் செய்தியும் பழைய பாட்டும் கேட்காமல் அப்பாவுக்குப் பொழுது விடியாது. கேபிள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றால்தான் சார்ஜ் ஏறும் என்பதால், அவர் தினத்தாளை நான்காக மடித்துக் கேபிளுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, மேலே ஒரு மருந்துப் புட்டியை வைத்து அதை அசையாமல் நிறுத்தியிருப்பார். மைக்ரோ யுஎஸ்பி 10,000 முறை செருகிக் கழற்றுவதைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டதுதான். ஆனால் அந்தக் கணக்கு துளையின் உட்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். அதைப் போர்டோடு பிடித்துவைத்திருக்கும் ஈயப் பற்று, தலைகீழாகச் செருக முயலும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக விரிசல் விடும். திறந்து பார்த்தபோது நான்கு பிடிகளில் மூன்று விட்டுப்போயிருந்தன, ஒன்று தன்னோடு செம்புத் தடத்தையும் பெயர்த்துக்கொண்டிருந்தது.

தடம் பெயர்ந்த இடத்தில் அதே துளையை மீண்டும் வைத்தால் நிற்காது. எனவே டைப்-சி துளை பொருத்திய சிறு பலகை ஒன்றை வைப்பதாக முடிவு செய்தேன். இந்தப் பலகைகள் கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன: சிலவற்றில் இரண்டு 512 ரெசிஸ்டர்களும் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கடையில் நின்றபடியே உற்றுப் பார்த்து, 512 என்ற எழுத்து இரண்டு இடத்தில் இருப்பதையே வாங்கினேன். வானொலியின் பிளாஸ்டிக் ஓட்டில் இருந்த பழைய துளையைச் சிறு அரத்தால் பக்கவாட்டில் எட்டரை மில்லிமீட்டர் அளவுக்கு அகலமாக்கினேன். பழைய துளையின் ஐந்து கால்களில் முதலாவது 5 வோல்ட், கடைசியானது தரை. அவற்றுக்குரிய தடங்களைத் தேடிப் பிடித்துச் சிவப்பு, கறுப்புக் கம்பிகளைப் பற்றவைத்து, பலகையை இரண்டு கலவைப் பசையால் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டி இரவு முழுக்க உலரவிட்டேன். இழுவிசையை இப்போது ஓடு தாங்குகிறது, போர்டுக்கு அந்தச் சுமை இல்லை. அப்பா மறுநாள் கேபிளைச் செருகிவிட்டு, பழக்கத்தில் தினத்தாளை மடிக்கத் தொடங்கி, விளக்கு எரிவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது வேலை எதிர்பார்த்தபடி முடியவில்லை. வீட்டு வைஃபை ரூட்டர் 12 வோல்ட் 1 ஆம்பியரில் ஓடுவது, உருண்டை பின் அடாப்டர். மின்வெட்டின்போது அதைப் பவர் பேங்கிலிருந்து ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். டைப்-சி சார்ஜரிடம் பவர் டெலிவரி முறையில் குறிப்பிட்ட வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தரும் சிறு பலகை கிடைக்கிறது. அதை 12 வோல்ட்டுக்கு அமைத்து மீட்டரில் பார்த்தால் 9 வோல்ட்தான் வந்தது. பவர் டெலிவரியின் நிலையான படிகள் 5, 9, 15, 20 வோல்ட்; 12 அந்தப் பட்டியலில் இல்லை, தயாரிப்பாளர் விரும்பினால் சேர்க்கலாம். கேட்டது இல்லாதபோது பலகை அதற்குக் கீழே உள்ள படியை எடுத்துக்கொண்டது. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் வெளியீட்டு வரியில் 12 வோல்ட் என்று தனியாக எழுதியிருந்தால் மட்டுமே இது சரிவரும் என்று தெரிந்துகொண்டு, அப்படி எழுதிய பவர் பேங்க் கிடைக்கும்வரை பலகையை எடுத்துவைத்துவிட்டேன். ரூட்டரில் செருகுவதற்கு முன்பே மீட்டரால் பார்த்தது நல்லதாயிற்று.

உருண்டை பின் என்றதும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். டைப்-சியில் பொருந்தாவிட்டால் சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான். இங்கே பொருந்திவிட்டால்தான் ஆபத்து. வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், உள் விட்டம் 2.1 மில்லிமீட்டர் கொண்ட ஒரே பின்னில் 5 வோல்ட் அடாப்டரும் வருகிறது, 9 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வருகின்றன. சிலவற்றில் நடுப்பகுதி பிளஸ், அரிதாகச் சிலவற்றில் மைனஸ். எங்கள் இழுப்பறையில் இப்படி ஏழு அடாப்டர்கள் கறுப்பாக, ஒன்றுபோலவே கிடந்தன. 12 வோல்ட் அடாப்டரை யாரோ தவறுதலாகச் செருகி, 5 வோல்ட்டில் ஓடும் சிறு நெட்வொர்க் பெட்டி ஒன்று இரண்டாண்டுகளுக்கு முன்பே கருகிப் போயிற்று. இம்முறை ஏழையும் மீட்டரில் அளந்து, எந்தக் கருவிக்கு உரியது என்பதைப் பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதி, அடாப்டரின் உடலிலும் பின்னுக்குப் பக்கத்திலும் இரண்டு இடத்தில் ஒட்டி, மேலே ஒளிபுகும் நாடாவைச் சுற்றினேன். அதே தமிழ்ப் பெயரைக் கருவியின் முதுகிலும் ஒட்டினேன். கண்ணாடி போடாமல் அம்மா படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு சீட்டுகளை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

பங்குனியில் அம்மா மறுபடி திருச்சிக்குப் போனார். பெட்டியில் மெஷினை மட்டும் வைத்தார், கேபிள் எதுவும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் மாலையில் அக்கா அழைத்து, தன் கைப்பேசிச் சார்ஜரிலேயே விளக்கு எரிகிறது என்று சொன்னார்.

இன்னும் என் மேசையில் இருப்பது டார்ச் ஒன்று. அதுவும் டைப்-சி, அதுவும் சி-க்குச் சி கேபிளில் ஏறாதது. திறந்து பார்த்தபோது அதன் துளையில் இரண்டு கால்கள் மட்டுமே இருந்தன, 5 வோல்ட் ஒன்று, தரை ஒன்று. சிசி கால் வெளியே வரவே இல்லை. ரெசிஸ்டரைப் பற்றவைக்க இடமில்லாததால் துளையையே கழற்றிவிட்டு ஆறுகால் துளை வைக்க வேண்டும், அதற்குப் போர்டில் இடம் போதுமா என்று இன்னும் அளந்து முடியவில்லை. அதுவரை அந்தப் பழைய வெள்ளைக் கேபிளை டார்ச்சோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன்.